நாற்காலியோடு வருபவர்களுக்கு வரிசை இல்லை

காஞ்சிபுரம்,
22-12-2025

பெருமதிப்புக்குரிய சம்பந்தி ஆனந்தராஜ் அவர்களுக்கு, தங்கள் மருமகளின் தகப்பன் பஞ்சாட்சரம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே என் வலது கால் நீங்கலாக யாவரும் நலம். சென்னையில் தாங்களும் சம்பந்தியம்மாள் எஸ்தர் அவர்களும், பெங்களூரில் நம் பிள்ளைகளும் நலமாயிருக்க ஏகாம்பரநாதரை வேண்டுகிறேன். போனில் பேசாமல் எழுதுவதற்குக் காரணம், தங்கள் வீட்டில் எந்தப் போன் வந்தாலும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள். பெண்ணைக் கொடுத்தவன் குறை சொல்லக்கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே இதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல், தாங்கள் கேரல் பாட்டு ஒத்திகையில் இருந்த சனிக்கிழமையன்று இங்கே நடந்த விவரமாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கால் உடைந்த கதை தங்களுக்குத் தெரிந்ததே. சம்பந்தி வீட்டார் வந்தால் வாசலில் ஒரு கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்க வேண்டாமா என்று என் மனைவி மங்கையர்க்கரசி கேட்டாள். நெற்றி நிறைய விபூதியோடு ஸ்டூலில் ஏறினேன். மூன்று ஞானிகளுக்கு மாட்டுத் தொழுவத்துக்கு வழி காட்டிய நட்சத்திரம் எனக்கு எலும்பு டாக்டரின் ஆஸ்பத்திரிக்கு வழி காட்டியது. மூன்று வாரம் மாவுக்கட்டு. இருபதாம் தேதி சனிக்கிழமை நாலு மணிக்கு வந்தால் பிரித்துவிடுவேன், அதை விட்டால் ஊருக்குப் போய்விட்டு ஜனவரி இரண்டாம் தேதிதான் வருவேன் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கட்டுக்குள் எடுக்கும் அரிப்பு இருக்கிறதே, அதை எதிரிக்கும் நினைக்கமாட்டேன். துடைப்பக்குச்சியை உள்ளே விட்டுச் சொறிந்ததில் அது பாதியில் முறிந்து உள்ளேயே குடியேறிவிட்டது. அந்த நாலு மணிக்காகத்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வேன் வந்து நின்றது. எஸ்தர் அவர்களையும் சேர்த்துப் பதினோரு பேர். ஆளுக்கு ஒரு ஆரஞ்சுப் பழம். "அண்ணே, உங்களப் பாக்கணும்னு மனசு கெடந்து அடிச்சிக்கிச்சி" என்று எஸ்தர் அவர்கள் கண் கலங்கியபோது எனக்கும் கலங்கியது. என் காலில் கை வைத்து ஜெபம் தொடங்கினார்கள். நான் சைவன்தான், ஆனாலும் எந்தச் சாமி கேட்டாலும் சரி என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஜெபத்தின் நடுவில் யாரோ "பத்து மணிக்குப் பட்டுக் கடைல டோக்கன் குடுக்க ஆரம்பிச்சிடுவாங்க" என்றார்கள். அதற்குப் பிறகு ஆமென் வர அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "அண்ணி, நல்ல கடையா காட்டுங்க" என்று மங்கையர்க்கரசியை எழுப்பினார்கள். அப்போது தங்கள் கொழுந்தியாள் மகள் திரிஷா, "பாவம் அங்கிள், வீட்லயே அடைஞ்சி கெடக்கறாரு, அவரையும் காத்தாட கூட்டிக்கினு போலாம், நாலு மணிக்கு ஆஸ்பிட்டல்ல விட்றலாம்" என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைக்கு எவ்வளவு இரக்கம் என்று நெஞ்சு நிறைந்து, வாடகைச் சக்கர நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன்.

காந்தி ரோடு முழுக்கத் தலைகள். முதல் கடை வாசலில் முந்நூறு பேர் வரிசை. செக்யூரிட்டி என்னைப் பார்த்ததும், "சேரோட வர்றவங்களுக்கு வரிசை கெடையாது, கூட வந்தவங்களும் போலாம்" என்று கயிற்றைத் தூக்கினார். மங்கையர்க்கரசியோடு சேர்த்துக் கூட வந்தவர்கள் பன்னிரண்டு பேரும் நாற்காலியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். என் நாற்காலிக்கு அவ்வளவு பிடி கிடையாது, இரண்டு பேர் என் சட்டையைப் பிடித்திருந்தார்கள். அப்போதுதான் காற்றாட அழைத்து வந்த காரணம் எனக்கு விளங்கியது. இப்படியே நாலு கடை. நாலிலும் என்னை முன்னால் விட்டுப் பின்னால் புகுந்தார்கள். உள்ளே போனதும் என் காலை ஒருவரும் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். நீட்டி வைத்த கால் வாகாக இருக்கிறதென்று விற்பனையாளர் அதன்மேல்தான் சேலைகளை விரித்துக் காட்டினார். வெள்ளைக் கட்டின்மேல் நிறம் எடுப்பாகத் தெரிகிறது என்று எஸ்தர் அவர்களே பாராட்டினார்கள். ஒலிபெருக்கியில் "அன்பைப் பகிரும் பண்டிகை, இரண்டு எடுத்தால் மூன்றாவது பாதி விலை" என்று மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

நாலாவது கடை மூன்றாம் மாடியில், பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரத்தடியில் என்னை நிறுத்திவிட்டு, "ரெண்டே நிமிஷம்ணே" என்று போனார்கள். மணி மூன்று. வேனில் ஏறுமுன் திரிஷா பைகளை எண்ணினாளாம். முப்பத்தேழும் சரியாக இருந்ததாம். நாற்காலியை அவர் தள்ளி வருகிறார் என்று இவரும், இவர் தள்ளி வருகிறார் என்று அவரும், பைகளுக்குப் பின்னால் நான் இருப்பேன் என்று மங்கையர்க்கரசியும் நினைத்திருக்கிறார்கள். என் போன் அவள் கைப்பையில். வருவோர் போவோரையெல்லாம், என்னைக் கொஞ்சம் லிஃப்டுக்குத் தள்ளிவிடுங்கள் என்று கேட்டேன். ஒருவர், இந்த நாற்காலி எந்த மாடியில் தருகிறார்கள் என்று விசாரித்தார். இன்னொருவர் பிடியில் தன் பையை மாட்டிவிட்டுப் போனார். கடைப் பையன் என்னைக் கடைச் சாமான் என்று நினைத்தானோ என்னவோ, மடியில் இருபது சேலையை வைத்துவிட்டான். பெண்கள் வந்து புரட்ட ஆரம்பித்தார்கள். "அம்மா, எனக்கு நாலு மணிக்கு ஆஸ்பத்திரி" என்றேன். "அதுக்குள்ள முடிச்சிடலாம், அந்த மாம்பழக் கலர எடுங்க" என்றார் ஒரு அம்மாள். எடுத்துக் கொடுத்தேன்.

டிபன் கடையில் கோயில் இட்லி கேட்டு உட்கார்ந்தபோது ஒரு தட்டு மிஞ்சியதாம். அந்தத் தட்டைப் பார்த்துத்தான் நான் நினைவுக்கு வந்திருக்கிறேன். "அய்யோ, அண்ணனுக்குப் பார்சல் சொல்லுங்க" என்பதுதான் எஸ்தர் அவர்களின் முதல் வார்த்தை என்று மங்கையர்க்கரசி சொன்னாள். அவர்கள் வந்து என்னை மீட்டபோது மணி ஐந்தரை, டாக்டரின் ஆஸ்பத்திரியில் பூட்டு. சம்பந்தி, எனக்கு மனசு விட்டுப்போயிற்று. ஏழைக்கு இரங்கத் தொழுவத்தில் பிறந்தவர் என்று தாங்கள்தான் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அவர் பிறந்தநாளுக்குத் துணி எடுக்க வந்த இடத்தில் கால் உடைந்த ஒருவனை மறந்துவிட்டுப் போகலாமா? எஸ்தர் அவர்கள் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்தால் போதும். புது வருஷம் வரை நானும் துடைப்பக்குச்சியும் பொறுத்துக்கொள்கிறோம்.

ஏகாம்பரநாதர் அருளும் தங்கள் ஆண்டவர் கிருபையும் இரு வீட்டையும் காக்கட்டும். பிள்ளைகளுக்கு ஆசி. வேன் டிரைவருக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும், அவர் ஒருவர்தான் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

தங்கள் அன்புள்ள,
பஞ்சாட்சரம்

பின்குறிப்பு, 23-12: தபாலில் போடுமுன் இதை மங்கையர்க்கரசிக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "வரிசையில நின்ன அந்தம்மாவப் பத்தி எழுதலையே?" என்றாள். எழுதவில்லைதான். இரண்டாவது கடை வாசலில், பாதத்தில் துணிக்கட்டோடு ஒரு அம்மாள். மகள் கல்யாணச் சேலைக்காகக் பக்கத்துக் கிராமமான கூரத்திலிருந்து வந்தவராம். வரிசையை விட்டு என்னிடம் வந்து, "காலைலேர்ந்து நின்னுக்கினு இருக்கேன், கால் தாங்கலய்யா. நானும் உங்க கூட வந்தவதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். செக்யூரிட்டி என் முகத்தைப் பார்த்தார். "எங்க ஆளு இல்லப்பா" என்றேன். விட்ட இடமும் போய், அவரை வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டரிடம் போகும் அவசரத்தில் சொல்லிவிட்டேன் என்று மங்கையர்க்கரசியிடம் சாதித்தேன். அது பொய். அந்தக் கடையில் வெங்காயத்தோல் நிறத்தில் ஒரே ஒரு சேலை இருப்பதாகத் திரிஷா போனில் காட்டியிருந்தாள், அதை வேறு யாரும் எடுத்துவிடக்கூடாதே என்ற பதற்றம். எனக்கு அந்தச் சேலை தேவையே இல்லை. ஆகையால் மேலே எஸ்தர் அவர்களைப் பற்றி எழுதிய அத்தனையையும் தள்ளிவிடவும். வருத்தம் ஒன்றும் தெரிவிக்க வேண்டாம்.

இன்று காலை மங்கையர்க்கரசி தள்ள, அதே கடைக்குப் போனோம். மூன்று நாளாக ஒருவர் அங்கேயே நிற்கமாட்டார் என்பது எனக்கும் தெரியும், இருந்தாலும் போனோம். வாசலில் ஒன்பது சக்கர நாற்காலிகள் நின்றன. ஒன்றில் இருந்தவர் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார். செக்யூரிட்டி என் மாவுக்கட்டை விரலால் தட்டிப் பார்த்து, "டாக்டர் சீட்டு இருந்தாத்தான் உள்ள விடுவோம் சார்" என்றார். நிஜமாகவே உடைந்த கால் என்றேன். "எல்லாரும் அதான் சொல்றாங்க" என்று வரிசையின் கடைசியைக் காட்டினார். போய்ச் சேர்ந்துகொண்டோம். எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பி, என்ன எடுக்க வந்தீங்க என்று கேட்டாள். ஒரு ஆளைத் தேடி வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சேலைதாம்மா என்று சொல்லிவிட்டேன்.