றொசானாவின் மஞ்சள் சட்டை விஷயமாக அத்தானுக்கு

அந்தோனியார் துணை

மேல் டிவிசன், கந்தப்பளை.
வெள்ளிக்கிழமை, காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு.

அன்புக்கும் மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய றோலண்ட் அத்தானுக்கு, உங்கள் மைத்துனன் செபமாலை கும்பிட்டு எழுதுகிறேன். இங்கே கேத்ரின் அக்கா சுகம். என் முழங்கால் வலியும் எந்தக் குறையும் இல்லாமல் சுகமாக இருக்கிறது. டோஹாவில் உங்கள் உடம்பும், ஹோட்டல் அடுப்பும், முதலாளியின் குணமும் நன்றாயிருக்க வேண்டுகிறேன். அந்த ஹோட்டலில் உங்களைக் கேட்காமல் உப்புக்கூடப் போட மாட்டார்கள் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். யாராவது விசாரித்தால் ஆமாம் என்று சொல்லிவிடுங்கள்.

முதலில் பதறாதீர்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகிவிடக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். போனில் சொன்னால் "என்னடா செஞ்ச?" என்று முதல் வரியிலேயே கத்துவீர்கள், நான் பயந்து வேறு ஏதாவது சொல்லிவிடுவேன். கடிதம் என்றால் நீங்கள் கத்தினாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஏழாம் வகுப்பை மூன்று வருடம் ஆழமாகப் படித்தவன் நான், எழுத்தில் என்னை யாரும் மடக்க முடியாது.

நம்ம பிள்ளை றொசானா கொழும்புக் கம்பனிக் கழகத்துக்காக, பெண்கள் கழகங்களின் சர்வதேசக் கரப்பந்தாட்டப் போட்டிக்கு காத்மண்டு போயிருப்பது உங்களுக்குத் தெரியும். எட்டு நாட்டுக் கழகங்கள் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். நான் நாற்பது நாடு என்று சொன்னேன், எட்டு என்றால் நம்ம ஆட்கள் மதிக்க மாட்டார்கள். பிள்ளைக்கு இந்த விளையாட்டு யாரிடமிருந்து வந்தது என்பதையும் கோயில் மைக்கில் அறிவித்தேன். நான் விளையாடிய காலத்தில் ஒரு பந்தைத் தூக்கி அடித்தால் அது மேகத்துக்குள் போய்விடும், இரண்டு கட்சியும் தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் கீழே வரும். அது உங்களுக்கே தெரியும். பிள்ளை பழகியதும் லயத்து வீடுகளுக்கு மேலே இருக்கிற அதே சரிவில்தான். அங்கே பந்தைக் கீழே விட்டால் உருண்டு கீழ் டிவிசன் வரைக்கும் போகும், ஏறி எடுத்துக்கொண்டு வர முக்கால் மணி நேரம். அதனால் அவள் பந்தை நிலத்தில் விடவே மாட்டாள். அதையும் நான்தான் கற்றுக்கொடுத்தேன், அதாவது பந்து எடுக்க நான் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் முதல் ஆட்டம். பிள்ளைக்காம்பராவில் தொட்டில்களையெல்லாம் ஓரமாகத் தள்ளி, சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, பங்குக் கோயில் மெஷினை வைத்துப் படம் காட்டினோம். தோட்டத்தில் நம்ம டிவிசன் முழுக்க வந்துவிட்டது. எதிர்க்கட்சிப் பெண்கள் ஒவ்வொருத்தியும் சவுக்கு மரம் உயரம். நம்ம பக்கம் ஆறு பேர் இறங்கினார்கள். ஐந்து பேருக்கு நீலச் சட்டை. றொசானாவுக்கு மட்டும் மஞ்சள். அத்தான், காம்பராவில் இருமுகிற ஆட்கள்கூட இருமலை நிறுத்திவிட்டார்கள்.

"ஏன்டா செபமாலை, நம்ம புள்ளைக்கு மட்டும் வேற சட்டை?" என்று கேட்டது லயத்தில் எங்கள் பக்கத்துக் காம்பரா வீரம்மா.

"அது கேப்டன் சட்டைக்கா," என்றேன் நான். மூச்சுவிடாமல் சொன்னேன்.

"கேப்டன்னா ஏன் அவள பந்து போட விடல?"

"கேப்டன் எதுக்குப் பந்து போடணும்? தொரை கொழுந்து எடுக்கிறாரா?"

அதோடு முடிந்துவிடும் என்று பார்த்தால் முடியவில்லை. பிள்ளை பின்னுக்கு நின்று குனிந்து விழுந்து புரண்டு பந்தைப் பொறுக்கிக் கொடுக்கிறாள், வலைக்குப் பக்கத்தில் உயரமான ஒருத்தி குதித்து அடிக்கிறாள், எல்லோரும் அந்த உயரமானவளைக் கட்டிப்பிடிக்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் றொசானா கோட்டுக்கு வெளியே ஓடுகிறாள், வேறொருத்தி உள்ளே வருகிறாள். பிறகு மறுபடி கூப்பிடுகிறார்கள், ஓடி வருகிறாள். மறுபடி வெளியே. நடுவர் அவளை ஏன் என்றும் கேட்கவில்லை, பேரும் எழுதவில்லை. இருபத்தெட்டு வருடம் கங்காணியாக இருந்த செல்லசாமி அண்ணன் எழும்பினார்.

"இங்க பாருங்க, ஆளு நிக்கிற நெலையப் பாத்தே நான் சொல்லுவேன். இது பேர் பதியாத ஆளு. பின்னுக்கு வேலை இருந்தா ஓடி வா, முன்னுக்கு வந்துட்டா வெளிய போ. குதிக்கிறதெல்லாம் செக்றோல் புத்தகத்துல பேர் இருக்கிறவங்களுக்கு. குனிஞ்சு பொறுக்கிறது பேர் இல்லாதவங்களுக்கு. சட்டையும் அதனாலதான் வேற. இத நம்ம எங்கயும் பாக்காததா?"

அத்தான், அந்த நிமிடத்தில் காம்பராவில் இருந்த ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை, ஏனென்றால் அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் வேலை செய்தவர்கள். உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா, அக்கா பதினொரு வருடம் பேர் பதியாமல் தேயிலை மலையில் நின்றவள். றொசானாவை வயிற்றில் வைத்துக்கொண்டு, மற்ற பெண்களுக்குக் கொடுத்த லீவு தனக்கு இல்லை என்று, கடைசி வாரம் வரைக்கும் கூடை தூக்கியவள். அவள் எழும்பி வெளியே போனாள். பின்னால் போனேன். "எம் புள்ளையுமாடா?" என்று மட்டும் கேட்டாள். நம்ம கழகம் ஜெயித்ததுகூட அவளுக்குத் தெரியாது. நான் தாய்மாமன் இல்லையா, அதற்குப் பிறகும் சும்மா இருந்தால் காதுகுத்துக்கு மடியில் வைத்ததற்கு என்ன அர்த்தம்?

அன்றைக்கே மனு எழுதினேன். தோட்டத்து ஆபீசுக்கு எத்தனை மனு எழுதிய கை இது! ஒன்று, கங்காணி செல்லசாமி கண்டுபிடித்தபடி, வீராங்கனை றொசானாவைத் தற்காலிக ஆளாக வைத்திராமல் உடனடியாகப் பேர் பதிய வேண்டும். இரண்டு, மற்றவர்களுக்கு உள்ள அதே நீலச் சட்டை. மூன்று, வலைக்குப் பக்கத்தில் நின்று குதிக்கும் உரிமை. நான்கு, குளிர் நாடாகையால் கம்பளி ஒன்று. ஐந்தாவது நினைவுக்கு வரவில்லை. நாலு கோரிக்கையோடு போகிற மனுவை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்பதால் "ஏனைய நியாயமான கோரிக்கைகளும்" என்று போட்டேன். நூற்று நாற்பத்து மூன்று பேர் கையெழுத்து. அதில் இரண்டு பேர் கல்லறையில் இருக்கிறார்கள், உயிரோடு இருந்தால் கட்டாயம் போட்டிருப்பார்கள். கடைசியில், மேற்படி கோரிக்கைகள் சனிக்கிழமை அரையிறுதிக்கு முன் நிறைவேறாவிட்டால் எங்கள் பிள்ளை களம் இறங்க மாட்டாள் என்று, பிள்ளையைக் கேட்காமல், ஒரு வரி சேர்த்தேன். எப்படிக் கேட்பது? போட்டி முடியும்வரை பிள்ளைகளின் போன் எல்லாம் கழகத்து மனேஜர் மேடத்திடம். டவுனில் போன் கடை வைத்திருக்கிற விஜிதரன் மனுவைச் சிங்களத்தில் மாற்றி, கழகத்தின் ஈமெயிலுக்கு அனுப்பினான். அவன் மாற்றும்போது கோபத்தைக் கொஞ்சம் கூட்டியிருப்பான் போலிருக்கிறது, என் மனு ஒரு பக்கம், அவனுடையது ஒன்றரை.

நேற்றுப் பதில் வந்தது. "மனு கிடைத்தது. சம்பந்தப்பட்ட வீராங்கனை தொடர்பில் உரிய நடவடிக்கை எடுக்கப்படும்." நான் பட்டாசு கொளுத்தினேன் அத்தான். தோட்டத்துச் சங்கத் தலைவர் பார்த்துக்கொண்டு நிற்க, செல்லசாமி அண்ணன் எனக்கு மாலை போட்டார். வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில், மலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவே என்னைப் பார்த்துச் சிரித்தார், அல்லது எனக்குப் பின்னால் நின்ற யாரையோ பார்த்து.

இன்றைக்குக் காலையில் நாகலெட்சுமி டீச்சர் வலப்பனையில் பயிற்சி வகுப்பு முடிந்து வந்தார். றொசானாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கரப்பந்தாட்டம் சொல்லிக்கொடுத்த டீச்சர். அதாவது, எனக்கு அடுத்தபடியாகச் சொல்லிக்கொடுத்தவர். மனுவின் நகலை மாலையோடு சேர்த்துப் பெருமையாகக் காட்டினேன். வாசித்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"செபமாலை அண்ணே, அவ லிபரோ. அது ஒரு எடம். கழகத்துலயே பந்து எடுக்கிறதுக்கு நல்ல கை யாருக்கோ அவங்களுக்குத்தான் அது. முன்னுக்கு வந்தா வெளிய போகணும்கிறது சட்டம். நடுவருக்குத் தூரத்துல இருந்தே அடையாளம் தெரியணும்னுதான் வேற கலர்."

"அப்ப அது கொறைஞ்ச சட்டை இல்லையா டீச்சர்?"

"கொறைஞ்ச சட்டையா? ஆஸ்பத்திரிக்குப் போய் பெரிய டொக்டரப் பாத்து, 'ஐயா பாவம், உங்களுக்கு மட்டும் ஏன் வெள்ளக் கோட்டு'ன்னு மனுக் குடுத்திருக்கீங்க."

"உரிய நடவடிக்கை" என்று நம்ம ஆபீசில் எழுதினால் என்ன நடக்கும்? மறுநாள் பெரட்டில் அந்த ஆளின் பேரைக் கூப்பிட மாட்டார்கள். நாளைக்கு இரண்டு மணிக்கு அரையிறுதி. பிள்ளை சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கும்போது, "உன் மாமா நீ இறங்க மாட்டேன்னு எழுதியிருக்காரே, போய் உட்காரு" என்று சொல்லிவிட்டால்? அவள் பத்து வருடம் சரிவில் ஓடியது என் ஒரு வரியில் போய்விடும். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் காலையிலிருந்து மாதா படத்துக்கு முன்னால் எனக்காக நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஆகையால் அத்தான், இதற்கு ஒரே ஒரு வழிதான். பெற்ற தகப்பன் ஒரு வரி எழுதினால் மாமன் எழுதியது செல்லாது. கீழே நானே எழுதித் தருகிறேன், அப்படியே விஜிதரன் தந்த ஈமெயிலுக்கு அனுப்பிவிடுங்கள், யோசிக்க வேண்டாம்: "றொசானாவின் தகப்பனாகிய நான் அறியத் தருவது. என் மகளுக்குப் பேர் பதிவதோ நிரந்தரமோ எதுவும் வேண்டாம். எந்தக் கோரிக்கையும் எங்களுக்கு இல்லை. இப்போது இருக்கிறபடியே இருப்பதில் குடும்பத்துக்குப் பூரண திருப்தி. மனு எழுதியவர் நல்ல மனிதர், உடம்புக்குத்தான் சரியில்லை." கடைசி வரியில் நல்ல மனிதர் என்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் கை பட்ட சோறு எந்த நாட்டு வயிற்றுக்குப் போனாலும் அது குளிரட்டும். அந்தோனியார் உங்கள் அடுப்பையும் விசாவையும் காப்பாற்றட்டும். அக்காவின் அன்பும், டிவிசன் முழுவதின் விசாரிப்பும், என் பயமும் இத்துடன் வருகின்றன.

இப்படிக்கு,
நல்லதை நினைத்தே எல்லாவற்றையும் செய்கிற
மைத்துனன் செபமாலை

பி.கு: அத்தான், நிறுத்துங்கள். எதையும் அனுப்பாதீர்கள். மேலே எழுதியதையெல்லாம் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உங்கள் வாட்சப்புக்கு அனுப்பிவிட்டு, பேனையை மூடும்போது றொசானா பேசினாள். மனேஜர் மேடம் பத்து நிமிடம் போன் கொடுத்தாராம். நான் ஹலோ சொல்வதற்கு முன்னாலேயே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். "மாமா, அத விடுங்க. செல்லசாமி மாமாக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?" என்று கேட்டாள். என்னத்தடி என்றேன். "எனக்குப் பேர் பதியலன்னு. என்னைய இந்த ஒரு பயணத்துக்கு மட்டுந்தான் எடுத்தாங்க. திரும்பி வந்ததும் வீட்டுக்குத்தான். அம்மா அழும்னு நான் யாருகிட்டயும் சொல்லல." சட்டையில் ஒன்றும் இல்லை அத்தான், ஆனால் கங்காணி சொன்னது சரி!

மேடம் மனுவை எல்லோருக்கும் முன்னால் வாசித்தாராம். கம்பளி வந்தபோது எல்லாரும் சிரித்தார்களாம். ("ஏன் மாமா கேட்டீங்க, இங்க ரூம்ல மூணு கம்பளி இருக்கு.") பேர் பதிவது வந்தபோது இன்னும் இரண்டு பிள்ளைகள் எழும்பி, "எங்களுக்கும் இல்ல மேடம்" என்று சொன்னார்களாம். மேடம் அங்கிருந்தே கொழும்புக்குப் பேசி, மூன்று பேருக்கும் கம்பனியில் நிரந்தர வேலையோடு பேர் பதிய, திங்கட்கிழமை கடிதம் தயாராகும் என்று சொல்லிவிட்டார். அதுதான் அந்த நடவடிக்கை. நாளைக்கு அவள் விளையாடுகிறாள். வீட்டில் விருப்பமா என்று மட்டும் கேட்டாராம், தகப்பனிடமிருந்து ஒரு வரி வந்தால் போதுமாம்.

அக்காவிடம் சொல்லிவிட்டேன். அழுதுகொண்டு சிரிக்கிறாள், சிரித்துக்கொண்டு என்னை அடிக்கிறாள். ஆனால் நான் அனுப்பிய எல்லாப் பக்கத்துக்கும் கீழே, நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்கிற நீல நிறக் கோடு விழுந்துவிட்டதை அவளுக்கு இன்னும் காட்டவில்லை. போன் பண்ணினால் நீங்கள் எடுக்கவில்லை. நான் எழுதித் தந்ததைக் கழகத்துக்கு அனுப்பியிருந்தால், அது வேறு றோலண்ட் என்று உடனே இன்னொன்று எழுதுங்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து இருபத்து மூன்று வருடமாக நான் சொன்ன ஒரு யோசனையையாவது நீங்கள் கேட்டதில்லை, அதைப் பற்றி ஊரெல்லாம் குறைசொல்லியிருக்கிறேன். இன்றைக்கும் கேட்டிருக்கக் கூடாது, ஆண்டவரே.