ஒரு காருக்கு இரண்டு இடது மட்காட்

எனக்கு இடது எது, வலது எது என்று தெரியும். நாற்பதை நெருங்குகிற ஒருவன் இதை எழுத்தில் கொடுக்கவேண்டி வந்திருக்கிறதென்றால், அவன் வாழ்க்கையில் ஏதோ நடந்திருக்கிறது என்று உங்களுக்கே விளங்கியிருக்கும். நடந்ததுதான். பண்டத்தரிப்பில் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் அதை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். கலியாண வீடு, செத்த வீடு ஒன்றையும் விடாமல் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு முழம் நீட்டிச் சொல்வதால், ஒருமுறை நானே சரியாகச் சொல்லிவிடுவது நல்லது. (சரியாகச் சொன்னாலும் மரியாதை மிஞ்சப்போவதில்லை.)

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. காங்கேசன்துறைப் பக்கம் சித்தப்பா பைபர் படகு செய்யும் பட்டறை வைத்திருந்தார். அங்கே ஆறு வருசம் நின்றதில், கண்ணாடி நார்த்துணியை றெசின் பசையில் தோய்த்து அச்சில் ஒட்டுவதற்கு என்னை விட்டால் ஆளில்லை என்று நானே முடிவு செய்திருந்தேன். பெடியள் தங்கள் கார்களுக்கு விதம்விதமான பம்பர் தேடி அலைந்த காலம் அது. படகே வார்க்கிறவனுக்குப் பம்பர் என்ன பெரிய வேலை என்று, கார் உறுப்பு வார்க்கும் தொழிலைத் தனியாகத் தொடங்க நினைத்திருந்தேன். முதல் வாடிக்கையாளர் மட்டும் வரவில்லை. கடைசியில் நானே ஒருவரைப் படகால் இடித்து வாடிக்கையாளர் ஆக்கினேன்.

அவர் அருமைநாயகம் மாஸ்ரர். ஒன்பதாம் வகுப்பில் எனக்குக் கணிதம் படிப்பித்தவர். வெண்கட்டியைக் குறிபார்த்து எறிவதில் விண்ணன். அவருடைய ஒரே மகள் ஜெனிற்றாவைத்தான் எனக்குப் பேசியிருந்தார்கள். "இனி மாமா எண்டு கூப்பிடும்" என்று அவர் சொல்லிவிட்டார். என் நாக்குத்தான் மடங்கவில்லை. "மாமா சேர்" என்பதில் போய் நின்றுவிட்டது.

மாமா சேரிடம் பழைய ஏ-40 கார் ஒன்று இருந்தது. அவருடைய மனைவி மணப்பெண்ணாய் தேவாலயத்தில் வந்து இறங்கியது அதில்தான். முன்சில்லை மூடுகிற வலது மட்காட்டில் ஒரு கையை வைத்துக்கொண்டு அவர் சிரிக்கிற படம் வீட்டு விறாந்தையில் தொங்கியது. ஜெனிற்றாவுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது தாய் தவறிவிட்டார்.

"நகை, சாறி எல்லாம் உங்கடை விருப்பம்" என்று ஜெனிற்றா என்னிடம் சொல்லியிருந்தாள். "நான் உந்தக் காரிலை வந்து இறங்கோணும். அம்மா கை வைச்ச இடத்திலை கை வைச்சு ஒரு படம் எடுக்கோணும். வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்."

அவள் கேட்டது அது ஒன்றுதான். கலியாணத்துக்கு மூன்று வாரம் இருக்கையில் அந்த ஒன்றைத்தான் நான் உடைத்தேன்.

மாதகலில் ஒருவருக்குப் புதுப்படகு ஒன்றை லான்ட்மாஸ்ரர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில் இழுத்துக்கொண்டு போனேன். போகிறவன் நேரே போயிருக்கலாம். பெண்ணைப் பார்க்கிற ஆசையில் பண்டத்தரிப்புக்குத் திருப்பினேன். போதாக்குறைக்கு, என் ஓட்டத் திறமையை அவள் பார்க்கட்டும் என்று வண்டியைப் பின்னுக்கு எடுத்தேன். ஆறு வருசத்தில் கடலில் ஒரு படகோடும் முட்டாத நான், முற்றத்தில் சிவனே என்று நின்ற காரைப் படகால் முட்டினேன். வலது மட்காட் பொரிவிளாங்காய் போல நொருங்கிக் கொட்டியது.

தட்டி நிமிர்த்தலாமா என்று கேட்க ரிங்கரிங்காரரைக் கூட்டிவந்தோம். அவர் ஒரு துண்டை எடுத்து விரலால் நசித்துப் பார்த்தார். "இது தகரமில்லைத் தம்பி, துரு. இவ்வளவு நாளும் பெயின்ற்தான் பிடிச்சு வைச்சிருந்தது" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மாமா சேர் குனிந்து துருத்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அதுதான் பயமாக இருந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்:

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ மாமா சேர். பைபரிலை புதுசாய் வார்த்துத் தாறன். அசலைவிடத் திறமாய் இருக்கும்."

"உம்மடை தொழில். உமக்குத் தெரியும்" என்றார். பாவம், நம்பிவிட்டார்.

வார்ப்பதற்கு அச்சு வேண்டும். அச்சு எடுக்க முழு மட்காட் ஒன்று வேண்டும். வலது பொடிப்பொடியாய்க் கிடந்தது. இடது முழுசாக இருந்தது. நான் இடதைக் கழற்றி மேசையில் வைத்ததும் ஜெனிற்றா கேட்டாள்:

"இது இடப்பக்கத்தான் எல்லே? வலப்பக்கத்துக்கு என்னெண்டு பொருந்தும்?"

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிசம் யோசித்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குக் கிடைத்திராது. நான் யோசிக்காமல் செய்தேன் என்று சொந்தக்காரர்கள் சொல்வது பச்சைப் பொய். நன்றாக யோசித்துத்தான் பிழைவிட்டேன்.

"இறப்பர் முத்திரை பாத்திருக்கிறீரே? அதிலை எழுத்தெல்லாம் இடம் வலம் மாறித்தானே கிடக்கும்? அச்செண்டாலே அப்பிடித்தான். எதை வைச்சாலும் மாத்திப்போடும். இடதிலை அச்செடுத்தால் வலது வரும். இது தொழில் ரகசியம்" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஆனால் கட்டப்போகிறவன் முகம் கோணக்கூடாது என்று விட்டுவிட்டாள். (அந்தப் பெருந்தன்மையை அன்றைக்குப் பிறகு அவள் காட்டியதே இல்லை.) படகு வார்த்தவனுக்கு வந்த வினை இது. படகுக்கு இடமும் வலமும் ஒரே அச்சில் சேர்ந்தே வரும். பக்கத்தைப் பற்றி நான் அதுவரை கவலைப்பட்டதே கிடையாது.

மற்றபடி வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மட்காட்டுக்கு எட்டுத் தரம் மெழுகு பூசினேன். மெழுகு தவறினால் அச்சும் பொருளும் ஒட்டிக்கொள்ளும். பிறகு கலியாணம் கட்டினமாதிரித்தான், லேசில் பிரியாது. அச்சு எடுத்து, காயவைத்து, இடதைத் திரும்பக் காரிலேயே பூட்டிவிட்டு, அச்சை உரஞ்சி, அதற்குள் மறுபடி மெழுகு பூசி, துணி போட்டு றெசின் ஊற்றினேன். உரஞ்சிய தூசு உடம்பெல்லாம் ஏறி, முள்ளம்பன்றியைக் கட்டிப்பிடித்தவன்போல் சொறிந்துகொண்டு திரிந்தேன்.

அந்த ஞாயிறு ஆராதனையில் எங்கள் கலியாண அறிவித்தலை வாசித்தார்கள். "இந்த விவாகத்துக்குத் தடை தெரிந்தவர்கள் யாரும் இருந்தால் தெரிவிக்கலாம்" என்று போதகர் நிறுத்தினார். சரியாக அந்த நேரம் பிடரியில் ஒரு நார் குத்தியது. என் கை தானாக மேலே போனது. சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"தம்பி, நீர்தானே மாப்பிள்ளை?" என்றார் போதகர்.

"ஓம் ஐயா. கடிக்குது" என்றேன்.

கலியாணம் சனிக்கிழமை. வியாழன் பின்னேரம் மாமா சேர் வீட்டு முற்றத்தில் அச்சைப் பிரித்தேன். மாமா சேரும் ஜெனிற்றாவும் பக்கத்தில் நின்றார்கள். பலாச்சுளை கழல்வதுபோல் மட்காட் கழன்று வந்தது. அப்படி ஒரு பளபளப்பு! மாமா சேர் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். ஒன்பதாம் வகுப்பில் கிடைக்காத அந்தத் தலையாட்டலுக்காக நான் உருகிப்போனேன். அப்படியே தூக்கிக்கொண்டுபோய்க் காரின் வலப்பக்கத்தில் பிடித்தேன்.

பொருந்தவில்லை. கொஞ்சம் சரித்தேன். பொருந்தவில்லை. தலைகீழாகப் பிடித்தேன். கடைசியில் முன்பக்கத்தைப் பின்பக்கமாகத் திருப்பியபோது ஒருமாதிரி உட்கார்ந்தது. ஆனால் லைற் பூட்டுகிற ஓட்டை, ரோட்டைப் பார்க்காமல் சாரதியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாமா சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ரூபன், அச்சு இடத்தை வலமாக்கும் எண்டுதானே பிள்ளைக்குச் சொன்னனீர்?"

"ஓம் மாமா சேர்."

"அந்த அச்சுக்குள்ளை நீர் திரும்ப வார்க்கேக்கை?"

"அதுவும்... மாத்தும்."

"மறையை மறையாலை, மைனசை மைனசாலை பெருக்கினால் என்னடா வரும்?" நீர் போய் டா வந்துவிட்டது. என் கண் தன்பாட்டில் அவர் கையில் வெண்கட்டி இருக்கிறதா என்று பார்த்தது.

"நேர், சேர்." மாமாவும் போய்விட்டார்.

"அப்ப உதென்ன?"

"இடது மட்காட், சேர்."

"காரிலை ஏற்கெனவே ஒண்டு கிடக்கு" என்றார்.

நான் சிரித்துச் சமாளிக்கலாமென்று ஜெனிற்றாவைப் பார்த்தேன். அவள் படத்துக்குக் கீழே விறாந்தைக் கதிரையில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். சத்தமில்லாத அழுகை. இவ்வளவு நேரமும் உங்களைச் சிரிக்கவைக்கத்தான் எழுதினேன். ஆனால் அந்த அழுகையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வராது. தாயின் ஞாபகமாக ஒரே ஒரு கை வைக்கிற இடம் கேட்டவளுக்கு அதைக்கூடக் கொடுக்கத் தெரியாத மொக்கன் நான் என்று வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க மழை. மாமா சேர் குடையோடு வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். ஒற்றை மட்காட்டோடு அது பல்லு விழுந்த பிள்ளைபோல் நின்றது.

"மற்றதையும் கழட்டு. சமச்சீர் எண்டாலும் இருக்கட்டும்" என்றார். கணித மாஸ்ரர், வேறு என்ன சொல்வார்?

சனி காலை மாப்பிள்ளை தேவாலயத்துக்குள் நிற்கவேண்டும். நான் நின்றேனா? கார் சத்தம் கேட்டதும் வெளியே ஓடிவந்துவிட்டேன். முன்சில்லு இரண்டும் அம்மணமாக, மாமா சேர் ஓட்ட, ஏ-40 உருண்டு வந்தது. பின் யன்னலில் ஜெனிற்றா, வெள்ளைச் சாறியோடு. அந்த யன்னல் கண்ணாடி மேலே ஏறி எத்தனையோ வருசம். வாசலில் செம்மண் தண்ணி குளமாக நின்றது.

மட்காட் எதற்கு இருக்கிறது என்று என் வாழ்க்கையில் முதல்முறையாக அப்போதுதான் விளங்கியது.

"மாமா சேர், நில்லுங்கோ!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவருக்குக் கேட்கவில்லை. வலது சில்லு தண்ணிக்குள் இறங்கவும், நான் பின் யன்னலுக்கு முதுகைக் கொடுத்து, கையை விரித்துக்கொண்டு காரோடு பக்கவாட்டில் நண்டுபோல் ஓடவும் சரியாக இருந்தது. சேறு முழுவதும் என்னில்தான். முகம், ரை, புதுக் கோட்டு, வாய் எல்லாம் செம்மண். கார் நின்றதும் திரும்பிப் பார்த்தேன். அவள் சாறியில் ஒரு பொட்டு இல்லை.

ஜெனிற்றா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அழுதாளோ சிரித்தாளோ எனக்குத் தெரியவில்லை, இரண்டும் சேர்ந்துதான் வந்தது. காரை விட்டு இறங்கினாள். முன்பக்கம் வந்து, மட்காட் இருக்கவேண்டிய இடத்தைக் காட்டினாள்.

"இஞ்சை வந்து நில்லுங்கோ" என்றாள்.

நின்றேன். என் சேற்றுத் தோளில் கையை வைத்தாள். "இப்ப எடுங்கோ" என்றாள் படம் எடுக்கிறவரிடம்.

இப்போது எனக்குச் சொந்தமாகப் பட்டறை இருக்கிறது. ஒவ்வொரு அச்சிலும் 'இ', 'வ' என்று கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருக்கிறேன். ஏ-40க்கும் பிறகு, வேறொரு காரின் வலதில் அச்செடுத்து, ஒரு வலது மட்காட் வார்த்துப் பூட்டினேன், எட்டுப் பேரிடம் காட்டி, அது வலதுதான் என்று கேட்டபிறகு. அன்றைக்கு வார்த்த அந்த இடதில் கோழி அடைகிடக்கிறது. எங்கள் மகளுக்கு ஆறு வயது. இடக்கையால் எழுதுகிறாள். "பிள்ளை தகப்பன்ரை அச்சு" என்று வருகிறவர்கள் யாராவது சொன்னால் போதும், "அதுதான் இடக்கை" என்று மாமா சேர் முடித்துவைப்பார்.

போன மாதம் மகள் விறாந்தையில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும் இரண்டு படங்களையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தாத்தா, அம்மம்மா காரிலை கை வைச்சிருக்கிறா. அம்மா ஏன் அப்பாவிலை கை வைச்சிருக்கிறா?"

மாமா சேர் பேப்பரை மடித்து வைத்தார். "அது தகரம் பிள்ளை. உக்கிப் போச்சு" என்றார். பிறகு என் பக்கம் விரலை நீட்டினார். "உது பைபர். உக்காது."

நன்றி சொல்லலாமென்று வாயைத் திறந்தேன்.

"இடம் வலம்தான் தெரியாது" என்றார்.