பெரிய பாதி

நமுகோலோ ஆரம்பப் பள்ளியின் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு வரவில்லை என்பதை மாவட்டக் கல்வி அலுவலகம் மிகுந்த மனவேதனையுடன் கண்டறிந்தது. அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், ஐந்தில் இரண்டு என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லிற்று. ஒற்றுமையில் குறை சொல்ல இடமில்லை, விடைதான் தப்பு.

காரணத்தை ஆராய ஒரு குழு போட்டார்கள். ஒரே அறையில் நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உட்கார்ந்திருப்பது காரணமல்ல என்று குழு முடிவு செய்தது. கூரை ஒழுகுவதும் அல்ல. ஒரே புத்தகத்தைச் சுற்றி உட்கார்ந்து சிலர் நேராகவும் சிலர் தலைகீழாகவும் படிப்பது காரணமே அல்ல, அது கூட்டுறவு மனப்பான்மையை வளர்க்கிறது. குற்றவாளி சாக்பீஸ். சாக்பீஸால் போட்ட வட்டத்தைப் பிள்ளைகள் மோந்து பார்க்க முடியாது, கையில் எடுக்க முடியாது, தின்ன முடியாது. ஆகவே ‘தொட்டுணர் பின்ன இயக்கம்’ தொடங்கப்பட்டது. அந்த வருஷம் எதையும் தொட்டுத்தான் கற்க வேண்டும் என்பது ஃபேஷனாக இருந்தது.

கம்பாலாவிலிருந்து வந்த வழிகாட்டிப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் பீட்சா. எங்கள் ஊரில் அதை யாரும் பார்த்ததில்லை. பஞ்சர் ஒட்டிய டியூப் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். தலைமையாசிரியர் திபென்கானாவும் அப்படித்தான் நினைத்தார், வெளியே சொல்லவில்லை. எழுதிக் கேட்டோம். பீட்சா கிடைக்காத இடங்களில் அதற்கு நிகரான உள்ளூர்ப் பொருளைப் பயன்படுத்தலாம் என்று பதில் வந்தது. எங்கள் பூசோகா வட்டாரத்தில் எதற்கும் நிகரான பொருள் ஒன்றுதான் உண்டு, பலாப்பழம். வீட்டில் போஷோ கிண்டும் சோள மாவு தீர்ந்தால் சாப்பாடு அதுதான், ஆட்டுக்குத் தீனியும் அதுதான். இனிமேல் கணக்கும் அதுதான் என்று ஆயிற்று.

நாலாம் வகுப்பு டீச்சர் நங்கோபி நல்ல பெண். வேலைக்கு வந்த நாளிலிருந்து தற்காலிகம். மாதிரிப் பாடம் எடுத்து, மேற்பார்வை அதிகாரி கிருண்டா தலையை ஆட்டினால் நிரந்தரம். ஆட்டாவிட்டால் பள்ளித் தவணை முடிந்ததும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவள் வகுப்புக்கும் என்னுடைய ஐந்தாம் வகுப்புக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர் மட்டுமே என்பதால் நடந்ததையெல்லாம் நான் பார்த்தேன். என் பிள்ளைகளும் பார்த்தார்கள். அன்று ஐந்தாம் வகுப்பில் வேறு பாடம் நடக்கவில்லை.

கிருண்டா மோட்டார் சைக்கிளில் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். நங்கோபி எங்கள் ஊர் முறைப்படி முழந்தாளிட்டு வணக்கம் சொன்னாள். எழுந்து கணக்குச் சொன்னாள். பிசகு அங்கேதான் ஆரம்பித்தது.

பழத்தைச் சுற்றிக் கயிறு போட்டு அளந்து, கரியால் கோடு கிழித்து, கத்தியில் எண்ணெய் தடவி, கோணாமல் இரண்டாகப் பிளந்தாள். தராசில் வைத்தால் முள் அசையாது, அப்படிப்பட்ட வெட்டு.

“ஒரு பங்கு விருந்தாளிக்கு, ஒரு பங்கு நமக்கு. ஒவ்வொண்ணும் எவ்ளோ?”

“பாதி, மேடம்!”

முன் வரிசையில் ககோயா என்ற பெண் எழுந்தாள். “மேடம், இதுல பெரிய பாதி எது? அதைத்தானே சாருக்குக் கொடுக்கணும்?”

“ரெண்டும் ஒண்ணுதான் கண்ணு. பாதின்னா அதுல பெருசு சிறுசு கெடையாது.”

கிருண்டா பக்கத்தில் நின்ற திபென்கானா இருமினார். “டீச்சர், புள்ள நல்லாத்தானே கேக்குது? சாருக்குப் பெரிய பாதியை எடுத்துக் கொடுங்க.”

“அப்பிடி ஒண்ணு இல்லையே சார்.”

“இல்லையா? நேத்து இருந்துச்சே!”

“எங்க சார்?”

“எங்க வீட்ல. கோழி அடிச்சோம். நானும் என் தம்பியும் ஆளுக்குப் பாதி. பெரிய பாதி எனக்குத்தான் வந்துச்சு.”

கிருண்டாவுக்குக் கோபம் வரவில்லை. கோபம் நம்மைப் போன்றவர்களுக்கு. அதிகாரிகளுக்குச் சந்தேகம்தான் வரும்.

“எனக்கு வெளங்கணும் டீச்சர், அவ்ளோதான். இந்தப் பாதியும் அந்தப் பாதியும் சமமா?”

“சமம் சார்.”

“அப்போ நானும் இந்த நாலாங்கிளாஸும் சமம்?”

“கணக்குல மட்டும் சார்.”

“கணக்குல இன்னைக்கு வந்தா நாளைக்கு ஆபீஸ்ல வரும், பரவாயில்லையா?”

சமமா இல்லையா என்று அலுவலகத்தில் சரிபார்க்க வேண்டும் என்று இரண்டு பாதிகளையும் வண்டியில் கட்டச் சொன்னார். பாதிகளைத் தொட்டுப் பார்த்த கையோடு அறிக்கை எழுதப் பேனாவைத் திறந்தார். பலாப்பால் சும்மா விடுமா? பேனா விரலில் ஒட்டிக்கொண்டது, அறிக்கை பேனாவில் ஒட்டிக்கொண்டது. பிரித்துவிடப் போன திபென்கானாவின் கையிலிருந்த பள்ளி முத்திரை கோட்டில் ஒட்டிக்கொண்டது. அன்று கிருண்டா முதுகில் எங்கள் பள்ளியின் பெயரோடு ஊர்போய்ச் சேர்ந்தார்.

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. பாதி என்பது இனிமேல் பதவிப் பாதி, பொதுப் பாதி என இரு வகைப்படும். பதவிப் பாதியானது பொதுப் பாதியைக் காட்டிலும் குறையாமலும் கூடுதலாகவும் இருத்தல் அவசியம். மூன்றில் ஒன்று என்பது மூவரில் மூத்தவர் எடுத்துக்கொண்டது. எல்லாப் பங்கையும் கூட்டி முழுமை கிட்டாவிடில், குறைந்த அளவு வழியில் தேய்ந்ததாகக் கருதப்படும். பாடத்துக்கான பழங்களைப் பெற்றோர் முறைவைத்துக் கொடுக்க வேண்டும், பதவிப் பாதியைப் பரிசோதனைக்கு அனுப்பிவைக்க வேண்டும். இதன்படி நங்கோபி பாடம் எடுத்தால் நிரந்தரம் பற்றிப் பரிசீலிக்கப்படும்.

பிள்ளைகளுக்கு ஒரே நாளில் பின்னம் வந்துவிட்டது. திபென்கானாவே நேரில் சோதித்தார்.

“சார் முன்னாடி எட்டுல பாதி எவ்ளோ?”

“அஞ்சு!”

“சார் போனப்புறம்?”

“நாலு!”

நங்கோபி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “வேலை போனாலும் போகட்டும் சார். பாதின்னா பாதிதான்,” என்றுவிட்டாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்ததால் தைரியமாகவே கூச்செறிந்தது.

பெற்றோர்கள் கொதித்தார்கள். வாராவாரம் பழம் போகிறது, பிள்ளைகள் கையில் கொட்டைதான் மிஞ்சுகிறது. பெற்றோர் சங்கக் கூட்டம் கூடிற்று, ஆசிரியர்கள் நாங்களும் போய் உட்கார்ந்தோம். தலைவர் இசபிர்யே கரும்பு லாரி வைத்திருப்பவர், குரலும் லாரி மாதிரிதான்.

“நம்ம பழம்! நம்ம புள்ளைங்க! சமமாப் பங்கு கேட்டா அது குத்தமா?”

“இல்ல! இல்ல!”

“நங்கோபி டீச்சரை உடனே நிரந்தரமாக்கணும்! இல்லேன்னா ஒரு பழம்கூட இந்த ஊரைத் தாண்டாது!”

கைதட்டலில் கூரைத்தகடு அதிர்ந்தது. மனு எழுதி முடித்தாயிற்று. கையெழுத்துப் போடுமுன் பசி வந்தது. பழம் வந்தது.

“நங்கோபி டீச்சரே வெட்டட்டும்! நியாயமான கை அவங்க கைதான்!” என்றார் இசபிர்யே.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கயிறு போட்டு அளந்தாள், கரிக்கோடு கிழித்தாள், எல்லாருக்கும் ஒரே அளவாக வெட்டி அவளே கையில் கொடுத்தாள். கொடுத்து முடித்ததும் கூட்டத்தில் ஒரு இருமல் கேட்டது. இந்த முறை இருமியவர் இசபிர்யே.

“டீச்சர், என் துண்டு எங்கம்மா?”

“கையில இருக்கே சார்.”

“இது எல்லாருக்கும் குடுத்தது. எனக்குன்னு உள்ளது?”

“சமமா வேணும்னு நீங்கதானே சார் கேட்டீங்க?”

“அது ஆபீசுக்கும் நமக்கும் நடுவுல வேண்டிய சமம்மா. நமக்குள்ள எதுக்கு? கேட்டுக்கு வெளியே நிக்கிற வாட்ச்மேன் கையில இருக்கறதும் என் கையில இருக்கறதும் ஒண்ணா?”

இரட்டைப் பிள்ளை பெற்றதால் ஊரே நலோங்கோ என்று மரியாதையாகக் கூப்பிடும் அம்மாளும் எழுந்துவிட்டார். “ஒரே வயித்துல ரெண்டு சுமந்தவ நான். எனக்கும் ஒரே துண்டு, ஒண்ணு பெத்தவளுக்கும் ஒரே துண்டா? இந்தப் பொண்ணுக்கு யாரு மரியாதை சொல்லிக் குடுத்தது?”

மனுவை வீணாக்கவில்லை. நல்ல தாள். ‘நிரந்தரமாக்குமாறு’ என்பதை அடித்துவிட்டு ‘நீக்குமாறு’ என்று மேலே எழுதினார்கள். கீழே எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அலுவலகம் அந்த மனுவை நுணுகி ஆராய்ந்தது. அடித்த சொல்லையும் அடிக்காத சொல்லையும் ஒருசேரக் கருத்தில் கொண்டு, நங்கோபி பாதி நிரந்தரமாக்கப்படுகிறார் என்று ஆணை பிறப்பித்தது. ஆணையைக் கிருண்டாவே கொண்டுவந்து கொடுத்தார். பழைய கோட்டு அல்ல, புதுக் கோட்டு.

“எந்தப் பாதி சார்?” என்று கேட்டாள் நங்கோபி.

“பொதுப் பாதி.”

அவள் சிரித்தாள். அன்றைக்கும் நாலாம் வகுப்பில் இரண்டு பாதியும் சமம் என்றுதான் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகள் பாவம், சந்தேகமாகப் பார்த்தார்கள்.

அந்த மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேனா என்று கேட்பீர்கள். அவள் நல்ல பெண் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். அவளை நினைத்து என் மனசு வலித்தது உண்மை. ஆனால் அன்று என் கையில் இருந்த துண்டும், போன தவணைதான் வேலைக்கு வந்த முதல் வகுப்பு வாத்தியார்ப் பையன் கையில் இருந்த துண்டும் ஒரே அளவு. இத்தனை வருஷ சர்வீஸுக்கு ஒரு மதிப்பு வேண்டாமா? எல்லாரும் போட்ட பிறகு கடைசியாகத்தான் போட்டேன். மற்றவர்களுடையதைவிடச் சற்றுப் பெரிதாகப் போட்டேன்.