பல்லுக்காக மாற்றிய வீடு

"டோக்கன் முடிஞ்சுதுங்க. செவ்வாக்கிழமை வாங்க," என்றார் டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக் கவுண்டரில் இருந்த கலியமூர்த்தி.

மருதாசலம் இடது கன்னத்தைப் பிடித்தபடி நின்றார். மூன்றாம் ஷிப்ட் முடிந்து, முகம்கூடக் கழுவாமல், மைன்ஸ் பஸ்ஸிலிருந்து நேராக இறங்கி வந்திருந்தார். பல் டாக்டர் வருவது வாரத்தில் இரண்டு நாள். டோக்கன் பன்னிரண்டு, கொடுப்பது காலை ஆறு மணிக்கு. ஷிப்ட் முடிவதும் ஆறு மணிக்குத்தான். இப்படி நேரம் வைத்த புண்ணியவானுக்கு ஆயுசில் பல் வலித்திருக்காது.

மருதாசலத்துக்கு வலப்பக்கக் கடைவாய்ப் பற்கள் எப்போதோ போய்விட்டன. சோற்றை மென்று விழுங்க இடப்பக்கம்தான் கதி. அதில் மேல்பல் சொத்தை. போன மாதம் பார்த்த டாக்டர், "அடைச்சா இருபது வருஷம் தாங்கும். அடுத்த வாரம் வாங்க," என்று சொல்லி, சீட்டிலும் எழுதி வைத்தார். அதன்பிறகு டோக்கன் கிடைத்தால்தானே?

வீட்டில் மனைவி சந்திரா கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். "ஏனுங்க, யாருகிட்டயாச்சும் ஷிப்ட் மாத்திக்கக் கூடாதுங்களா?"

கூட வேலை பார்க்கும் குழந்தைவேலுவிடம் மாற்றிக்கொண்டார். ஒரு நாளுக்கு ஈடாக இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் அவர் சம்மதித்தார்.

டோக்கன் கிடைத்தது. கலியமூர்த்தி வீட்டு நம்பரைக் கேட்டு, அடுக்கிலிருந்து சீட்டை உருவிக் கொடுத்தார். பேரைக் கேட்கிற வழக்கமே அங்கு கிடையாது. சீட்டின் தலையில் நம்பர், அதன்கீழ் தொழிலாளி, மனைவி, பிள்ளை என்று கட்டங்கள், அவ்வளவுதான்.

உள்ளே வேறு டாக்டர். பழையவர் மாற்றலாகிப் போய்விட்டாராம்.

"பழைய சீட்டுல எழுதியிருக்குதுங்க," என்றார் மருதாசலம்.

"நானே பாத்துக்கறேன்," என்ற டாக்டர் எல்லாப் பல்லையும் வரிசையாகத் தட்டினார். பிறகு பஞ்சை வைத்து, அடுத்த வாரம் வரச் சொன்னார். வலிக்காமல் இருந்த பற்களும் அன்றிலிருந்து வலிக்கத் தொடங்கின.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டே போனார். அவர் வீடு டவுன்ஷிப்பின் அந்தக் கோடி. சைக்கிள் மிதித்துப் போய்ச் சேர்வதற்குள், பக்கத்துத் தெருக்காரர்கள் பன்னிரண்டு பேர் நின்றுவிட்டார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல குடியிருந்தாத்தானுங்க உங்க பல்லு தேறும்," என்றாள் சந்திரா.

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒர்க்‌ஷாப் சிங்காரவேல் இருந்தார். கம்மாபுரத்துக்காரர். ஊர் பஸ்ஸுக்கு வசதியாக மருதாசலத்தின் பக்கம் வர ஆசைப்பட்டார். இருவரும் கம்பெனி ஆபீஸில் மியூச்சுவல் என்று பரஸ்பர மாற்றலுக்கு எழுதிக் கொடுத்து, குவார்ட்டர்ஸ் வீட்டை மாற்றிக்கொண்டார்கள். காய்க்கத் தொடங்கிய முருங்கையை விட்டு வர சந்திராவுக்கு மனசே இல்லை. சாவியைக் கொடுக்கும்போது சிங்காரவேலும் கன்னத்தில் கை வைத்திருந்தார். தன் வலியில் மருதாசலம் அதை விசாரிக்கவில்லை.

சாமான் அடுக்கி முடித்த மறுவாரம், வெள்ளிக்கிழமை முதல் டோக்கனே அவருக்குத்தான். புது வீட்டு நம்பரைச் சொல்லிச் சீட்டை வாங்கிக்கொண்டு போனார். உள்ளே மூன்றாவதாக ஒரு டாக்டரம்மா. சீட்டை மேலிருந்து கீழ்வரை வரி விடாமல் படித்தார். மருதாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. படிக்கிற டாக்டரும் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறார்.

"இடது கீழ், கடைசிப் பல். எடுத்துடணும்னு ரெண்டு தடவை எழுதியிருக்கு."

"வலிக்கிறது மேலீங்க. அடைச்சாப் போதும்னாங்களே."

"வலி மேல தெரியும், கோளாறு கீழ இருக்கும். முன்னாடி பாத்தவங்க சும்மா எழுத மாட்டாங்க."

ஒருவர் எழுதியதை இன்னொருவர் மதிக்கிறார். இதற்காகத்தானே இரண்டு மாதமாக அலைந்தார்? மருதாசலம் வாயைத் திறந்தார்.

பல் லேசில் வரவில்லை. "நல்லா வேர் பிடிச்சிருக்கு," என்று டாக்டரம்மா இரண்டு கையாலும் இழுத்தார்.

வாயில் பஞ்சோடு வெளியே வந்தால், பெஞ்சில் சிங்காரவேல். கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

"புடுங்கிட்டாங்களாண்ணே? மேல்பல்லா?"

மருதாசலம் கீழே விரலைக் காட்டினார். மேலே வலி அப்படியே இருந்தது.

சிங்காரவேல் அவர் கையிலிருந்த சீட்டை வாங்கி, தலையிலிருந்த நம்பரைப் பார்த்தார்.

"சீட்டு நம்மகூட வரலீங்கண்ணே, வூட்டோடவே தங்கிடுச்சு. போன வாரம் எனக்கு அடைச்சு வுட்டது உங்க பல்லு. இப்ப உங்களுக்குப் புடுங்கினது என் பல்லுங்க."