மாமனாரின் நோட்டும் மாப்பிள்ளையின் கணக்கும்

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு வணக்கம். நீங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் முழங்கால் வலியை முதலில் விசாரிப்பதுதான் முறை, விசாரித்துவிட்டேன். இங்கே உங்கள் மருமகள் நலம். உங்கள் பிள்ளையும் நலமாகத்தான் இருக்கிறார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் போய் நான்கு மாதம் ஆகிறது. அவரை இதுவரை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது அவர் வேலை பார்த்த அதே ஆய்வுக்கூடத்தில், அவர் பெண் கொடுத்த மாப்பிள்ளை, பத்துப் பேர் முன்னால், "மாமா கடைசி நோட்டுல எழுதினது நம்புற மாதிரி இல்ல" என்று சொல்லியிருக்கிறார். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அங்கே கண்ணாடிக் குடுவை கழுவுகிறவள் நான். கதவு திறந்துதான் இருந்தது.

அவர் செய்த வேலை என்னவென்று நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள். கண்ணுக்கே தெரியாத மருந்து உருண்டைகள். அப்படியே உள்ளே செலுத்தினால் உடம்பு வேற்றாள் என்று விரட்டிவிடுமாம். அதனால் இரத்த அணுவின் தோலைக் குமிழிகளாக்கி, உருண்டைகளோடு கலந்து, கண்ணாடி சிரிஞ்சில் ஏற்றி, நுண்ணிய ஓட்டை உள்ள சல்லடை வழியாக அந்தப் பக்கத்து சிரிஞ்சுக்குத் தள்ள வேண்டும், அங்கிருந்து மறுபடி இந்தப் பக்கம், இப்படிக் கையாலேயே இருபத்தொரு தடவை, தோள்பட்டை கழன்றுவிடும். ஓட்டையில் நெருக்குப்படும்போது குமிழி கிழிந்து உருண்டையைச் சுற்றி மூடிக்கொள்ளும். நாலாவது வரை படித்த எனக்கே புரிகிறது. அவருடைய கடைசி நோட்டில் நூறு உருண்டைக்குத் தொண்ணூறு முழுசாக மூடியிருக்கிறது. மைக்ராஸ்கோப் பார்க்கிற அம்மா எண்ணிச் சொன்னதுதான்.

மாப்பிள்ளை இதையெல்லாம் கையால் தொடுவதில்லை. உருண்டை, குமிழி, ஓட்டை எல்லாம் அவருக்குக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது. நோட்டில் எழுதிய வேகத்தில் நிற்காமல் தள்ளினால் குமிழி மூடிக்கொள்ள நேரம் போதாதாம், பாதிக்குப் பாதி உருண்டை அரைத்தொப்பி போட்டுக்கொண்டுதான் வெளியே வருமாம். ஆகவே நோட்டு தப்பு, அதை அச்சுக்குப் போகிற அறிக்கையிலிருந்து எடுத்துவிடலாம் என்கிறார். நோட்டு போனால் அறிக்கையின் அடியில் இருக்கிற என் வீட்டுக்காரர் பெயரும் போய்விடும். அவர் பெயர் அச்சில் வரப்போவது அது ஒன்றில்தான், சம்பந்தி.

"மாமாவோட தோள்பட்டைய இந்தப் பெட்டிக்குள்ள எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"கைக்குப் பதிலா வேகம்னு ஒரு எண் இருக்கு, அத்தை" என்றார்.

அந்த எண்ணுக்கும் ராத்திரி தைலம் தேய்த்துவிட வேண்டுமா என்று கேட்டேன். மறுநாள் மேசை துடைக்கும் சாக்கில் அவர் கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கினேன், ஆறு நாளாக ஓடிக்கொண்டிருந்த கணக்கு நின்றுபோனது. தெரியாமல் நடந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். உங்களிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். அன்றிலிருந்து நான் அவரோடு நேராகப் பேசுவதில்லை. சாப்பாடு ஆயிற்று என்று ஃபேனைப் பார்த்துச் சொல்கிறேன், அவரும் ஃபேனைப் பார்த்து, சரிங்க அத்தை என்கிறார். நீங்க ரெண்டு பேரும் அந்த ஃபேனோடயே குடும்பம் நடத்துங்க என்று என் மகள் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

நீங்கள் பெற்றவர், ஒரு வார்த்தை கண்டித்து எழுதுங்கள். என் வீட்டுக்காரர் நோட்டில் ஒரு புள்ளிகூடப் பொய்யாக வைத்தவர் இல்லை.

உங்கள் இருவருக்கும் என் வணக்கம். மாப்பிள்ளைக்கு என் ஆசி உண்டு, வயதில் பெரியவள் என்பதால் கொடுத்தாக வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு மனசு கேட்கவில்லை, பிரித்து எழுதுகிறேன். கடைசி நோட்டில் உள்ளதெல்லாம் அவர் தள்ளியது இல்லை. அவரால் முடியவில்லை. குடுவைகளைக் கழுவி வைத்துவிட்டு நான்தான் போய்த் தள்ளினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வழக்கம்போல "நிற்காமல், ஒரே சீராக" என்று எழுதினார். ஒவ்வொரு தடவையும் பாதியில் அவருக்கு இருமல் வந்துவிடும். மனுஷன் இருமும்போது எப்படித் தள்ளுவது? கையை அப்படியே வைத்துக்கொண்டு, அவர் இருமி முடிக்கும்வரை இருப்பேன். குமிழி அப்போதுதான் மூடிக்கொண்டது போலிருக்கிறது. மாப்பிள்ளை சொன்னது சரிதான். நான் நிறுத்திய நேரத்தையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள், பெயர் அவருடையதே இருக்கட்டும். எவ்வளவு நேரம் நிறுத்தினீர்கள் என்று கேட்பார். முதலில் கொஞ்ச நேரம்தான். மாதம் போகப் போக அதிகம். கடைசி வாரம் இருபத்தொன்று முடிப்பதற்குள் சாயங்காலமாகிவிட்டது.