சி3 குறைந்தது, ரிப்போர்ட் அண்ணன் பார்த்துக்கொண்டார்

நம்மிடையே ஓர் இனம் உண்டு. டாக்டருக்கு முன்னால் ரிப்போர்ட்டைப் படித்துவிடும் இனம். லேப்பில் உறையை வாங்கிய கையோடு, படி இறங்குவதற்குள் அதைக் கிழித்து, தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்ணைத் தேடிப் பிடித்து, தெரிந்தவர் ஏழெட்டுப் பேருக்கு போன் போட்டு, வீடு வந்து சேரும்போது வைத்தியத்தையே முடிவு செய்திருப்பார்கள். படித்த படிப்பு என்ன என்று மட்டும் கேட்காதீர்கள்.

தையல் வேலை பார்க்கும் ஒருத்திக்கு அப்படி ஓர் அண்ணன். அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். தெருவுக்கு அவர் 'ரிப்போர்ட் அண்ணன்'. மெஷினை மிதிக்க முடியாதபடி தங்கைக்குக் கால் வீங்கியபோது, ரத்தம் சோதிக்க அழைத்துப் போனவரும் அவர்தான். பாசத்தில் குறையில்லை.

ரிப்போர்ட்டில் சி3 என்ற புரதம் இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை. அண்ணன் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார்.

"இது கிருமியோட சண்டை போடுற புரதம்மா. உனக்கு எதிர்ப்புச் சக்தி போச்சு. ஏத்திடலாம்."

"டாக்டர்கிட்ட காட்ட வேணாமாண்ணே?"

"அவங்களும் இதைத்தானே சொல்லப் போறாங்க."

சக்தி ஏற்றும் பொடி மூன்று டப்பா வந்தது. பத்து நாள் குடித்தாள். வீக்கம் முழங்காலுக்கு ஏறியது, சிறுநீர் நுரைத்தது. பயந்துபோய், அண்ணனைக் கேட்காமலே கிளம்பினாள். அவரும் பின்னாலேயே வந்தார்.

டாக்டரம்மா வட்டத்தைப் பார்த்தார். "சி3 கிருமி மேல ஒட்டிக்கிட்டு, வெள்ளை அணுக்களுக்கு அதை அடையாளம் காட்டும். உங்களுக்கு அது சொந்த சிறுநீரகத்து மேலயே ஒட்டுற மாதிரி இருக்கு. அங்க செலவாகுது, அதான் ரத்தத்துல குறையுது. சோதிச்சு உறுதி பண்ணிட்டு, இந்தச் சண்டையை அடக்கத்தான் மருந்து தரணும்."

"அப்போ பொடி?" என்றார் அண்ணன்.

"முதல்ல அதை நிறுத்துங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா சிறுநீரகமே போயிருக்கும்."

வெளியே வந்ததும் அண்ணன் குரல் இறங்கியிருந்தது. "என்னாலதாம்மா பத்து நாள் வீணாச்சு."

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. "இனிமே என் ரிப்போர்ட்டை நான்தான் வாங்குவேன்" என்றாள், அவ்வளவுதான்.

ஆறு மாதத்தில் வீக்கம் வடிந்தது. மெஷின் ஓடுகிறது. அண்ணன் திருந்தினாரா? யாருக்கு எந்த எண் குறைந்தாலும், "சக்தியை அடக்குற மாத்திரை கேட்டு வாங்குங்க" என்கிறார் இப்போது.

சிரித்துவிட்டீர்கள், சரி. அலமாரியில் கிடக்கும் உங்கள் பழைய ரிப்போர்ட்டில் சி3 எவ்வளவு என்று பார்க்க எழுந்தீர்களே, முதலில் உட்காருங்கள்.