ஜெர்மனிக்குக் கொசுறு

பயந்தாங்கொள்ளிகளைப் பற்றி ஊரில் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. நாங்கள் எதுவும் செய்யாமல் மூலையில் உட்கார்ந்து நடுங்குவோம் என்று நினைக்கிறார்கள். தைரியசாலி ஒரு வேலையைச் செய்துவிட்டுப் போய்த் தூங்குவான். நாங்கள் அதே வேலையைச் செய்துவிட்டு, தூக்கம் வராமல், எழுந்து வந்து இன்னும் கொஞ்சம் செய்வோம். கெடுவது அந்த இன்னும் கொஞ்சத்தில்தான்.

அப்போது நான் புனேயில், ஆகுர்டியில் ஒரு சின்ன ரப்பர் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். (பிரிவு என்றால் நானும் பாண்டுரங் என்ற மராட்டிக்காரனும்.) மோட்டாருக்குள் போகிற ரப்பர் வளையங்கள் செய்கிற கம்பெனி. ஊர் தர்மபுரிப் பக்கம். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கணக்குப் பரீட்சை மட்டும் என்னை விடவில்லை, இன்றைக்கும் கனவில் வருகிறது.

மனைவி மல்லிகாவும் கைக்குழந்தையும் ஊரில். இங்கே நான்கு பீகார் பையன்களோடு ஒரே அறையில் இருந்தேன். அவர்களுக்கு நைட் ஷிஃப்ட். நான் வரும்போது அவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார்கள், நான் கிளம்பும்போது போர்த்திப் படுப்பார்கள். நாலு பேரோடு சேர்ந்து தனியாக இருக்க முடியும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். பொங்கல் அன்று ஸ்டவ்வில் பொங்கல் வைத்துவிட்டு, தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாதே என்று 'பொங்கலோ பொங்கல்' என்பதைக் காதோடு காதாகப் பானைக்கு மட்டும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஊரில் பக்கத்து வீட்டுக்குப் போன் போடுவேன். கண்ணுக்கு எதிரே மீட்டர் ஓடும்.

"பாப்பாவுக்குச் சளி."

"மருந்து?"

"வாங்கியாச்சு. நீங்க சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. வெச்சிடறேன்."

தந்தி கொடுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. அந்த வாரம் முழுக்க நான் பேசிய தமிழ் அவ்வளவுதான்.

எங்கள் முதலாளி தேஷ்முக் சாஹேப். நல்ல மனிதர், ஆனால் நல்ல மனிதர் என்பதை முகத்தில் எங்கேயும் எழுதி ஒட்டியிருக்க மாட்டார். அவருக்கு ஒரு ஜெர்மன் கம்பெனியின் ஆர்டர் கிடைத்தது. அந்தக் கம்பெனி காகிதத்தில் பில் வாங்காது. உலகத்தில் உள்ள சப்ளையர்கள் எல்லாரையும் ஒரு நெட்வொர்க்கில் கட்டி வைத்திருந்தார்கள். ஆர்டர் கம்ப்யூட்டரில் வரும், பில்லும் கம்ப்யூட்டரிலேயே போக வேண்டும். எங்கள் கணக்குப்பிள்ளை வாரத்தில் இரண்டு நாள் வருகிற பெரியவர். கம்ப்யூட்டரைக் கண்டால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எட்டிப் போய்விடுவார். பெட்டிகளின் மேல் இங்கிலீஷ் விலாசம் எழுதுகிறவன் நான் என்பதால் என்னை உட்கார வைத்தார்கள். சாஹேபின் மருமகன் வந்து பாடம் எடுத்தான். "ஆர்டர் வந்தா இந்தப் பட்டன். சரக்கு போனா இந்தப் பட்டன். ஆர்டர் தானே பில்லா மாறிடும். நீ எதையும் தொடாதே."

சாஹேப் கூப்பிட்டுச் சொன்னார்: "மாதேஷ், மூணு தடவை சரக்கு ஒழுங்கா போய்ச் சேரட்டும். உன்னைப் பர்மனென்ட் ஆக்கறேன். பின்னாடி இருக்கற ரூமையும் எடுத்துக்கோ. பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிட்டு வா."

அந்த ஞாயிற்றுக்கிழமை பூத்தில் மீட்டரைப் பார்க்காமல் பேசினேன். நான் முடித்ததும் மல்லிகா, "அங்க அம்மிக்கல்லு இருக்குமா?" என்று கேட்டாள். மனதளவில் மூட்டை கட்டிவிட்டாள் என்று அர்த்தம்.

இனிமேல்தான் என் இன்னும் கொஞ்சம் ஆரம்பிக்கிறது.

எங்கள் ஊர்ச் சந்தையில் கொசுறு கொடுக்காதவனிடம் யாரும் இரண்டாவது தடவை போக மாட்டார்கள். கத்தரிக்காய் வாங்கினால் மேலே ஒரு கொத்து கறிவேப்பிலை. அளந்த பிறகு மேலே ஒரு கை அள்ளிப் போட்டால்தான் அது வியாபாரம். எங்கள் கம்பெனியிலும் உள்ளூர்ச் சரக்குக்கு அப்படித்தான். எண்ணிப் போட்ட பிறகு நான் ஒரு கை அள்ளிப் போடுவேன். எந்த ஸ்டோர்காரரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஜெர்மனிக்காரன் மட்டும் மனுஷன் இல்லையா? மேலும் எண்ணும்போது எனக்கு நடுவில் பயம் வரும். பயம் வந்தால் எண் மறக்கும். ஒன்று குறைந்து, அதனால் ஆர்டர் போய், அதனால் ரூம் போய், மல்லிகா கட்டிய மூட்டையை அவிழ்ப்பது வரைக்கும் கண்ணில் தெரிந்தது. ஆகவே பெட்டியை மூடும் முன் தாராளமாக ஒரு கை. மேலே சாமியை வேண்டிக்கொண்டு டேப்.

பெட்டி கப்பலில் போனது. நான் பட்டனை அழுத்தினேன். ஆர்டர் பில்லாக மாறிப் பறந்தது.

சில வாரம் கழித்து நெட்வொர்க்கைத் திறந்தால், பில்லுக்கு எதிரே சிவப்பு. கூடவே இங்கிலீஷில் ஒரு வரி. பாக்கெட் அகராதியை வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாகப் பெயர்த்துப் பார்த்தேன். எண்ணிக்கையில் வித்தியாசம் என்று வந்தது. அதிகமா குறைவா என்று போடவில்லை. போட வேண்டுமா என்ன? என் வாழ்க்கையில் எந்த வித்தியாசமும் அதிகமாக வந்ததில்லை. கப்பலில் யாரோ எடுத்துவிட்டான் என்று முடிவு கட்டினேன்.

அடுத்த சரக்கில் இரண்டு கை போட்டேன். மறுபடியும் சிவப்பு. மூன்றாவதில் கையை விட்டுவிட்டு டீ டம்ளரை எடுத்தேன். பாண்டுரங் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணா, ஜெர்மனியில உனக்குச் சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"ஏன்டா?"

"கல்யாணச் சீர் மாதிரி அனுப்பறியே."

சாஹேப் ஜெர்மன் பணம் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கும்போதெல்லாம் "ப்ராசஸிங், சாஹேப்" என்பேன். (அந்த வார்த்தை திரையின் ஒரு மூலையில் நிஜமாகவே இருந்தது. சிவப்பு இன்னொரு மூலையில் இருந்தது. அவர் இந்த மூலையைத்தானே கேட்டார்.)

மூன்றாவது சிவப்பு வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. திரையின் அடியில் உதவிக்கு என்று ஒரு டெலிபோன் நம்பர் இருந்தது, காசு கிடையாது என்றும் போட்டிருந்தது. சாஹேப் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனதும் அவர் மேஜைப் போனை எடுத்தேன். ஜெர்மனிக்குப் பேசப் போகிறோம் என்று சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டது நினைவிருக்கிறது. முதலில் பாட்டு வந்தது. பிறகு ஒரு அம்மா இங்கிலீஷில் வேகமாக எதையோ எச்சரித்தார். அதன் பிறகு, "குட் ஆஃப்டர்நூன், திஸ் இஸ் நான்சி."

"குட் மார்னிங் மேடம்," என்றேன். மனப்பாடம் செய்தது அதுதான். "மை பில், ரெட்." அதோடு என் இங்கிலீஷ் தீர்ந்தது. அந்தப் பக்கம் நான்சி காத்திருந்தாள். ரிசீவரைக் கையால் மூடுவதாக நினைத்துக்கொண்டு, மூடாமல், "ஐயோ மாரியாத்தா, இப்ப நான் என்னன்னு சொல்லுவேன்," என்றேன்.

நான்சி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணா, நீங்க தமிழா?" என்றாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். (சாஹேபின் நாற்காலி.)

"ஜெர்மனியில தமிழ் ஆளுங்க இருக்கீங்களாம்மா?"

"ஜெர்மனி இல்லண்ணா, நான் கேம்ப்ல இருக்கேன்."

"ஜெர்மனியில கேம்ப்பு எங்க இருக்கு?"

"அரே, நம்ம கேம்ப்தான் அண்ணா, புனே கேம்ப், மிலிட்டரி ஏரியா. ஆபீஸ் இங்கதான். வீடு விஷ்ராந்த்வாடி. அப்பா ஆர்டினன்ஸ் ஃபேக்டரி. என் நிஜப் பேர் ஷோபனா. எனக்குத் தமிழ் அவ்ளோ வராது, கொஞ்சம் ஆராம்சே, மெதுவா பேசுங்க."

ஆராம்சே பேச எனக்கு எங்கே முடிந்தது? அணை உடைந்தது. கொசுறில் ஆரம்பித்தேன். டீ டம்ளருக்கு வந்தேன். அங்கிருந்து ரூம், மல்லிகா, அம்மிக்கல், பாப்பாவின் சளி, பீகார் பையன்கள், பானையிடம் சொன்ன பொங்கலோ பொங்கல் என்று போய்க்கொண்டே இருந்தேன். சாஹேப் டீக்குச் சர்க்கரையை எண்ணிப் போடச் சொல்வதைக்கூடச் சொன்னேன். அந்தப் பெண் நடுநடுவே "ம்", "அச்சா", "பாவம்ணா" என்றாள். பின்னால் டக் டக் என்று டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. வேலை செய்துகொண்டே கேட்கிறாள், என்ன தங்கமான பெண் என்று நினைத்தேன்.

கடைசியில் அவள்தான் சொன்னாள்: "அண்ணா, உங்க பீஸ் கம்மி இல்ல, ஜாஸ்தி. ஆர்டர், பில், அங்க வந்த சரக்கு, மூணும் ஒரே நம்பரா இருந்தாதான் மெஷின் பாஸ் பண்ணும். நீங்க சும்மா கொடுத்தாலும் அது எடுக்காது."

சும்மா கொடுப்பதை வேண்டாம் என்று சொல்கிற ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் போனை வைக்கும்போது மனசு லேசாக இருந்தது. அன்றைக்கு டிபன் டப்பாவை வழித்துச் சாப்பிட்டேன்.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அந்த உதவி மையத்தில், கூப்பிட்டவர் சொன்னதை எல்லாம் சுருக்கி எழுத வேண்டும் என்பது சட்டம். எழுதி முடித்ததும் அது சப்ளையரின் ஈமெயிலுக்குத் தானாகவே போய்விடும். சப்ளையர் என்று பதிவாகியிருந்தது தேஷ்முக் சாஹேப்.

மறுநாள் காலை சாஹேப் கூப்பிட்டார். கையில் பிரிண்ட் எடுத்த தாள், பக்கத்தில் மருமகன், வாசலில் எதற்கோ வந்தவன் போலப் பாண்டுரங். சாஹேப் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இங்கிலீஷில் ஒரு வரி படிப்பதும் அதையே எனக்காக இந்தியில் சொல்வதுமாகப் படிக்கத் தொடங்கினார்.

"சப்ளையர் கூறுவதாவது: கூடுதல் வளையங்கள் அன்பினால் அனுப்பப்பட்டவை. சப்ளையர் கூறுவதாவது: அளவுக்கு டீ டம்ளர் பயன்படுத்தப்பட்டது. சப்ளையர் கூறுவதாவது: முதலாளி சர்க்கரை விஷயத்தில் கண்டிப்பானவர்."

மருமகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"சப்ளையர் கூறுவதாவது: அவருடைய மனைவிக்கு அரைக்கும் கல் தேவைப்படுகிறது." சாஹேப் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "இது எந்த ஆர்டர்ல வருது?"

பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வரிக்குப் போனார்.

"சப்ளையர் கூறுவதாவது: அறுவடைத் திருநாளை அவர் மெல்லிய குரலில் கொண்டாடினார்."

வாசலில் பாண்டுரங் சிரித்துவிட்டான். சாஹேப் சிரிக்கவில்லை. அடுத்த வரியை இங்கிலீஷில் வாய்க்குள்ளேயே படித்தார். அதை இந்தியில் சொல்லவில்லை. மற்ற இரண்டு பேரையும் வெளியே போகச் சொன்னார்.

"பேப்பர்ல இல்லாத சரக்கைக் கப்பல்ல அனுப்பினா அதுக்கு என்ன பேர் தெரியுமா?"

தெரியவில்லை. சொன்னார். கடத்தல். தர்மபுரிக்குப் போலீஸ் போவதும், மல்லிகா பக்கத்து வீட்டுப் போனில் அழுவதும், மீட்டர் ஓடுவதும் தெரிந்தது.

"பர்மனென்ட் இப்ப கிடையாது," என்றார். "கம்ப்யூட்டர் பக்கமே போகாதே. பெட்டியை இனிமே பாண்டுரங் மூடுவான்."

"சரி சாஹேப்." ஊருக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"பின்னாடி ரூமைப் பெருக்கி வை. லீவு எடுத்துட்டுப் போய் அவங்களைக் கூட்டிட்டு வா."

எனக்கு விளங்கவில்லை. நின்றுகொண்டே இருந்தேன்.

"உனக்குப் பேச ஆள் வேணும்டா. நீ பெண்டாட்டிகிட்டப் பேசினா அது ரூமோட போகும். ஜெர்மனிகிட்டப் பேசினா எழுத்துல வருது." தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "போ. சர்க்கரை எவ்வளவு வேணுமோ போட்டு டீ குடிச்சிட்டுப் போ."

அவர் இந்தியில் சொல்லாமல் விட்ட வரியைப் பிற்பாடு மருமகன்தான் சொன்னான். 'சப்ளையர் கூறுவதாவது: நெடுநாளுக்குப் பிறகு தன்னுடைய முதல் உரையாடல் இது என்பதால், அழைப்பைத் துண்டிக்க அவருக்கு விருப்பமில்லை.'

ஊருக்குக் கிளம்பும் முன் அந்தப் பெண்ணுக்கு நன்றி சொல்ல இன்னொரு தடவை அந்த நம்பருக்கு அடித்தேன். "திஸ் இஸ் நான்சி," என்றது ஒரு குரல். வேறு நான்சி. தமிழ் தெரியாத நான்சி. அங்கே இருந்த எல்லாப் பெண்களுக்குமே அந்தப் பெயர்தான் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் கேம்ப்புக்கே போனேன். கண்ணாடி போட்ட கட்டடங்களைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தேன். எது என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. வெண்ணெய் தடவிய ஒரு பன் மஸ்கா சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

அனுப்பிய கொசுறை ஜெர்மனிக்காரர்கள் பத்திரமாகத் தனிப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்களாம். திருப்பி அனுப்பட்டுமா, அழித்துவிடட்டுமா என்று கேட்டு எழுதினார்கள். சாஹேப் அழித்துவிடச் சொன்னார். எனக்கு அதுதான் ரொம்ப நாள் உறுத்தியது. மூன்று தடவையும் சாமி கும்பிட்டு அள்ளிப் போட்டது.

மல்லிகா வந்தாள், மூட்டையில் நிஜமாகவே அம்மிக்கல்லோடு. ரயிலில் அதைத் தூக்கி வந்த என் தோள் மழைக்காலத்தில் இன்னும் வலிக்கிறது. நடந்ததை எல்லாம் அவளிடம் சொன்னது என் இரண்டாவது தப்பு. அன்றிலிருந்து இந்த வீட்டில் நான் வாயைத் திறந்து ஒரு குறை சொல்லிவிட முடியாது. சாம்பாரில் உப்பு கம்மி என்று சொல்லி முடிப்பதற்குள், "சப்ளையர் கூறுவதாவது," என்று ஆரம்பித்துவிடுவாள். பேச்சு வந்ததும் மகளும் சேர்ந்துகொண்டாள். பர்மனென்ட் ஆன அன்று (அதற்குப் பல வருஷம் ஆயிற்று) அதையும் மகள்தான் அப்படியே அறிவித்தாள்.

இப்போது மகள் பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். மீட்டர் எல்லாம் கிடையாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். எடுத்ததும் அம்மாவிடம் அவள் கேட்கிற முதல் கேள்வி: "சப்ளையர் என்ன கூறுகிறார்?"

மல்லிகா என்னை ஒரு பார்வை பார்ப்பாள். "வாரம் பூரா ஒண்ணும் கூறலடி. உன் போனுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தாரு. இரு, தரேன்," என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு, எனக்கு நாற்காலியை இழுத்துப் போடுவாள்.